மதாமின் விடுமுறையும் என் குமுதாவும்

மார்சேய் நகரில் நான் தினமும் கடந்துபோகும் தெருமுனையில் கப்பல் சீட்டு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. நவம்பர் பிறந்ததும் அதன் கண்ணாடியில் ஒரு தென்னைமரப் படத்தை ஒட்டிவிடுவார்கள். குளிர்கால விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனால் என்னென்ன செய்யலாம் என்று அதன் பக்கத்தில் வரிவரியாக எழுதியிருக்கும். வெயிலில் படுக்கலாம், நீந்தலாம், படகில் போகலாம், சுட்ட மீன் தின்னலாம். ஒன்றுமே செய்யாமல் கிடக்கலாம் என்றுகூட ஒரு வரி உண்டு. சும்மா கிடப்பதையும் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் இவர்களுக்கு ஆகும்போலிருக்கிறது. நம் ஊரில் கடற்கரைக்குப் போய் என்ன செய்வோம்? காற்று வாங்குவோம், சுண்டல் தின்போம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்புவோம். கடலில் இறங்க வேண்டுமென்றால் மாசி மகம் வரவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது செத்துப்போயிருக்க வேண்டும். இதை ஒருமுறை அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் இரக்கப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், உங்கள் ஊரிலிருந்து கடல் அவ்வளவு தூரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நானும் அப்படி ஒரு விடுமுறைக்குப் போய்வந்தவள்தான். ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசியில், புதுச்சேரிக்கு, மதாம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளாக. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேணி. புதுச்சேரியை ஒட்டிய சாரத்தில் பிறந்தவள். கன்னிகாஸ்திரீகள் பள்ளியில் ஐந்தாவதுவரை படித்ததால் இந்த அளவுக்கு எழுத வருகிறது. வீட்டுக்காரர் மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தார். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது எங்கள் பெண் குமுதா தவழ்ந்துகொண்டிருந்தாள். வெள்ளைக்காரத் தெருவில் ஒரு வீட்டில் அப்போது பிறந்திருந்த ஆண்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். போல் என்று பெயர் வைத்திருந்த அந்தப் பிள்ளையை இருபது நாள் சிசுவாக என் கையில் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அவன் அப்பா முசேயும் அம்மா மதாமும் மூட்டை கட்டினார்கள். போல் என்னை விட்டு இருக்க மாட்டான் என்று மதாம் அழுதாள். இரண்டரை வயதுக் குமுதாவை என் அக்காவிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். இரண்டு வருஷம்தான் என்று சொல்லிப் போனேன். நாலு ஆகிவிட்டது.

அவர்கள் விட்டுப்போன வீட்டை விற்க முசே வரவேண்டியிருந்தது. மதாம் அதையே விடுமுறை ஆக்கிக்கொண்டாள். கப்பலிலேயே உட்கார்ந்து ஊரில் செய்யவேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதினாள். காலையில் மணலில் விளையாட்டு, ஒருநாள் கட்டுமரம், ஒருநாள் ஊசுட்டேரியில் பறவை, ஒருநாள் பிள்ளைச்சாவடியில் மீன் சாப்பாடு. எனக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். குமுதாவை என்னோடு கூட்டிக்கொண்டு வருவது. மதாமும் சரியென்று சொல்லிவிட்டாள், சீட்டுகூட முசே வாங்கித் தருவதாக இருந்தார். மதாம் நல்லவள். அவளைக் குறை சொல்ல எழுதவில்லை.

வந்திறங்கிய மூன்றாம் நாள் சாரத்துக்குப் போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஒடிசலாக ஒரு பெண். என் மாமியாரின் நெற்றி அப்படியே இருந்தது.

"அம்மாடி, பிரான்சு அம்மா வந்துருக்காங்க பாரு. போயி கட்டிக்க," என்றாள் அக்கா.

குமுதா உள்ளே ஓடினாள். ஒரு லோட்டா தண்ணீரோடு திரும்பி வந்தாள். "தண்ணி குடிங்க," என்று இரண்டு கையாலும் நீட்டினாள். அக்காவை அவள் அம்மா என்றும் நீ என்றும் கூப்பிட்டாள். நான் பிரான்சு அம்மா. எட்ட நின்று மரியாதை கொடுத்தாள்.

மார்சேயில் இரண்டு குளிர்காலமாக அவளுக்கென்று ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை பின்னி வைத்திருந்தேன். அளவெடுக்க வேறு பிள்ளை இல்லாததால் போலை நிற்கவைத்து அளந்து, நாலு விரல் கூட்டிப் பின்னியிருந்தேன். போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. "நல்லா இருக்குதுங்க," என்றாள் குமுதா. மார்கழி என்றாலும் புதுச்சேரி வெயிலில் கம்பளியா! வேர்த்து வழிய அதைப் போட்டுக்கொண்டே திரிந்தாள், அன்றைக்கு நான் கிளம்பும்வரை கழற்றவில்லை.

அன்று அடுப்படியில், குமுதாவைக் கூட்டிப்போவதைப் பற்றி அக்காவிடம் வாயைத் திறந்தேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நாலு வருஷமாகக் குமுதாதான் அவளுக்கு எல்லாம். நான் சொன்னதை அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நீ பெத்த புள்ள. நான் யாரு வேணாங்கறதுக்கு? ஆனா ஒண்ணு. அவ வாயால வரேன்னு சொல்லணும். அழுதான்னா வுட்டுடணும்."

"சரிக்கா."

அதற்கப்புறம் மதாமின் தாளில் இருந்தவை ஒவ்வொன்றாக நடந்தன. காலையில் போலோடு மணலில் வாளியும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பேன். கடற்கரைச் சாலையில் போகிற தெரிந்த முகங்கள் என்னைப் பார்த்து, "எப்ப வந்த? லீவுக்கா?" என்று கேட்பார்கள். லீவுதான், எனக்கில்லை. மத்தியானம் போல் தூங்கும் இரண்டு மணி நேரத்தில் சாரத்துக்கு ஓடுவேன். குமுதாவுக்குத் தலை வாரிவிட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முதலில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், பத்துப் பதினைந்து நாளில் என் முழங்காலில் சாய ஆரம்பித்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் அடிப்பார்களா, இட்லி கிடைக்குமா, கப்பலில் எங்கே வெளிக்குப் போவார்கள் என்றெல்லாம் கேட்டாள். பொங்கலுக்கு முந்தின வாரம், பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"நான் வரேன். உங்ககூட கப்பல்ல வரேன்."

அந்த நேரத்தில் என் சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டேன், இன்னும் கொஞ்ச நேரம் அவள் தலை என் கையில் இருக்கட்டுமென்று. அக்கா வெளியே போய்த் துணி காயப்போட்டாள்.

பிள்ளைச்சாவடி மீன் சாப்பாட்டுக்குக் குமுதாவையும் அழைத்து வா என்று மதாம் சொன்னாள். போலும் அவளும் பழகட்டும், இனி ஒரே வீட்டில் இருக்கப்போகிற பிள்ளைகள் என்றாள். அக்காவும் குமுதாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். குமுதா சிவப்புச் சட்டையில் இருந்தாள். மணலில் ஜமுக்காளம் விரித்தோம். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"மதாம்கிட்ட சொல்லும்மா. இந்த மாசத்துக் கடல நம்பக்கூடாது. கரையிலயே பள்ளம் போட்டுருக்குது. புள்ளைங்கள எறக்காதீங்க."

என் அரைகுறைப் பிரெஞ்சில் முசேயிடம் சொன்னேன். மீன் விலை பேசுகிறார் என்று நினைத்து முசே அவருக்கு ஒரு சிகரெட் கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று சைகை காட்டினார். நான் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். கணுக்கால் தண்ணீரில் பிள்ளைகள் இரண்டும் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தன, என்ன ஆகிவிடும் என்று ரொட்டி நறுக்க உட்கார்ந்துவிட்டேன். குமுதா தமிழிலும் போல் பிரெஞ்சிலும் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அலை எப்போது எழுந்தது என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரையும் காணவில்லை. அப்புறம் ஒரு சிவப்பும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் தலையும் தெரிந்தன. ஓடினேன். குமுதாதான் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நீட்டினால் எட்டுகிற தூரம். அவளைத் தாண்டிப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் போலைப் பிடித்து, நெஞ்சோடு சேர்த்து, "ஒன்றுமில்லை கண்ணா, ஒன்றுமில்லை," என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே கரையேறினேன். கரையில் திரும்பிய பிறகுதான் எனக்கு என் பெண் நினைவுக்கு வந்தாள்.

வலைக்காரர் அவளைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டிருந்தார். அக்கா நனைந்த கம்பளியை உரித்தெடுத்து, தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். குமுதா அழவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போகப் பார்த்தேன். போல் என் கழுத்தை விடவில்லை. இறக்கிவிடப் பார்த்தால் அலறினான். அவனைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளையிடம் எப்படிப் போவது? அங்கேயே நின்றேன்.

மதாம் ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அதுவரை அப்படிச் செய்ததில்லை. "உன் மகளுக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் இன்னும் கிட்டே போய்ப் பார்க்கவே இல்லை.

மறுநாள் எனக்கு நாள் முழுக்க விடுப்பு கொடுத்தார்கள். மதாமின் தாளில் அப்படி ஒன்று இருக்கவில்லை, என் சேவைக்காகக் கிடைத்தது. சாரத்துக்குப் போனேன். குமுதா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உனக்கு?"

"காதுல தண்ணி பூந்துடுச்சு. அம்மா எண்ண ஊத்துச்சு. சரியாப்போச்சு."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். இல்லை. கொஞ்ச நேரம் கால்விரலால் தரையைத் தேய்த்தாள். பிறகு, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அங்க தம்பிய நீங்க பாத்துக்குவீங்க. என்னை யாரு பாத்துக்குவாங்க?"

நான் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. முந்தின நாள்வரை யோசிக்காமல் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. அடுப்படியில் அக்கா எந்தப் பாத்திரத்தையும் உருட்டவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குமுதா விளையாடப் போய்விட்டாள். கப்பல் ஏறப்போக நாங்கள் ரயிலில் கிளம்பிய நாளில் ஸ்டேஷனுக்கு அக்காவோடு வந்தாள். ரயில் நகர்ந்ததும் கையாட்டினாள். போலும் அவளுக்குக் கையாட்டினான். முசே வாங்குவதாகச் சொன்ன சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அக்டோபரில் போலை வெளியூரில் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். துணி துவைக்கவும் சமைக்கவும் என்னை வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அக்காவின் கடிதம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஊரை இப்போது இந்தியாவுக்கே கொடுத்துவிட்டார்களாம். யார் எந்த நாட்டு ஆள் என்று எழுதிக்கொள்ள அதிகாரிகள் வீடு வீடாக வந்திருக்கிறார்கள். 'எழுத வந்தவரு குமுதாவப் பாத்து உங்க அம்மா யாருன்னு கேட்டாரு வேணி. அவ என் கையப் புடிச்சிக் காட்டிட்டா. நான் இல்லன்னு சொல்லல. சொல்ல வாய் வரல. மன்னிச்சிடு,' என்று எழுதியிருந்தாள். என் தாளில் பிரான்சு என்று இருக்கிறது. குமுதாவின் தாளில் இந்தியா என்று எழுதிக்கொண்டு போனார்களாம். நீ செய்தது சரிதான் அக்கா என்று பதில் போட்டேன். மனதாரத்தான் எழுதினேன், ஆனால் தபால்பெட்டியிலிருந்து வீடுவரை அழுதுகொண்டே வந்தேன்.

ஞாயிறு மத்தியானம் எனக்கு வேலையில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு இங்குள்ள கடற்கரைக்குப் போய்க் கல்லில் உட்காருகிறேன். குளிரிலும் பிள்ளைகள் தண்ணீரோரம் ஓடும். அலை வரும், ஏதாவது ஒன்று வீலென்று கத்தும். நான் எழுந்துவிடுகிறேன். நாலடி ஓடியும் விடுகிறேன். அதற்குள் அதனதன் தாய் வந்து தூக்கிக்கொள்கிறாள். ஈரக் காலோடு நான் நடுவில் நிற்கிறேன்.