ஒரு பிடி வெள்ளை மண்

முகத்து எண்ணெயை உறிஞ்சும் என்று வாங்கிய வெள்ளைக் களிமண் பூச்சைக் குழைத்ததும், சிவகாசியில் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி மணத்தது. அந்தத் தொட்டி இப்போது இல்லை. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள் தோலில் இறங்காதிருக்கக் காலையில் அப்பிய தேங்காயெண்ணெயையும் அதில் ஒட்டிய வெள்ளி மினுக்கையும், புஸ்வாணத்தை அடைக்கும் வெள்ளை மண்ணால் சாயங்காலம் அங்கேதான் பெண்கள் தேய்த்துக் கழுவுவார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண்தான் கொடுப்பார்கள்; மினுங்கும் முகத்தோடு ஊருக்குள் நடக்க எல்லோருக்கும் கூச்சம். பள்ளி விட்டு வந்து காத்திருந்த நான் ஒருநாள், அழகாயிருக்கிறதே என்று அம்மாவின் சேலையில் இருந்த தூளைக் கன்னத்தில் பூசிக்கொண்டேன்.

"இது ஒம்மேல ஒட்டவே கூடாதுடி" என்று அம்மா தன் பிடி மண் முழுவதையும் என் முகத்தில் தேய்த்தாள்.

பிறகு வெள்ளி மினுங்கும் முகத்தோடு, தலை குனியாமல், கடைவீதி வழியே என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.