மேடையில் சீமெண்ணெய்

அரியலூரில் ரயிலைத் தவறவிட்டுவிட்டேன். அடுத்த வண்டி காலையில்தான். ஸ்டேஷனில் பழக்கமான ஆசிரியர் மன்றத்தார் தங்கள் நாடகத்துக்கு என்னை அழைத்துப்போகிறார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. மேடையில் தோன்றியதைப் பேசிச் சிரிக்கவைப்பார்களாம்.

கணக்கு வாத்தியார் ரேஷன் கடைக்காரராக வந்து, "சீமெண்ணெய் வந்துடுச்சு, வரிசையா நில்லுங்க!" என்று கூவுகிறார். என் பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையிலிருந்து காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு எழுகிறார்.

"உக்காருங்கம்மா, இது நாடகம்" என்கிறேன்.

"தெரியாதாங்க எனக்கு? நெசக் கடையில மூணு வாரமா இல்லேங்குறான். இவராச்சும் இருக்குன்னாரே!"

மேடையேறி நடிகர்களுக்குப் பின்னால் நிற்கிறார். முறை வந்ததும் புட்டியை நீட்டுகிறார். வாத்தியார் விழிக்கிறார்.

"நாளைக்கு வாங்களேன்."

"அதையேதான் அவனும் சொல்றான்."

கொட்டகை அதிர்கிறது. "ஊத்துங்க சார், ஊத்துங்க!" என்று கூட்டம் கத்துகிறது; நானும் கத்துகிறேன். வேறு வழியில்லாமல் வாத்தியார், மேடையோரம் எரியும் இரண்டு அரிக்கேன் விளக்குகளில் ஒன்றை அணைத்து, அதன் எண்ணெயைப் புட்டியில் ஊற்றுகிறார்.

அம்மாள் புட்டியை உயர்த்திப் பார்க்கிறார். பாதிதான் நிறைந்திருக்கிறது.

"அந்த வெளக்குல எவ்வளவுங்க இருக்கும்?"