பெட்டிக்குள் பிடித்த வெளிச்சம்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருடமாக சாவியோவுக்கு ஒரே வேலை. கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே நின்று கை காட்டுவது. தூக்கு, இறக்கு, திருப்பு, நிறுத்து. அந்த இரைச்சலில் வாயால் கத்தினால் எவன் காதில் விழும்? பொழுது சாய்ந்தால் கையில் டார்ச். கை கொஞ்சம் தப்பினால் இருபது டன் பெட்டி யார் தலையிலாவது இறங்கும். இதுவரை இறங்கியதில்லை.

படப் பைத்தியம் தொற்றியது ஒரு தப்பால்தான். ஒரு சாயங்காலம், பழைய கேமராவைத் தோஸ்து பீம்ராவிடம் கொடுத்து, வேலை செய்கிற தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னான். பீம்ராவ் அதை ஒரு திட்டின் மேல் வைத்து எதையோ திருகப்போக, ஷட்டர் முப்பது நொடி திறந்தே கிடந்தது. படத்தில் ஆளைக் காணோம். கறுப்பில் டார்ச் வெளிச்சம் இழுத்த மஞ்சள் வளையங்களும் சுருள்களும் மட்டும். வீட்டில் பொண்டாட்டி மெர்லின் பார்த்துவிட்டு, "இன்னா வேலைன்னு கேட்டா கைய ஆட்றேன்னு சொல்லுவியே, இத்தினி வருஷமா இத்தயா காத்துல கிறுக்கிகினு இருந்த?" என்றாள்.

அன்று பிடித்தது. டார்ச்சின் முகத்தில் பச்சை, சிவப்பு மிட்டாய்த் தாள் கட்டி, இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்துத் தன் கை காட்டுகிற சைகைகளை ஆறு வருடமாகப் படம் எடுக்கிறான்.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கூடத்தில் வட்டாரப் படக் கண்காட்சி. பொறுப்பு ஸ்டூடியோக்காரர் வரதன். சாவியோ கொண்டுபோன நாலு படத்தையும் மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"கம்ப்யூட்டர்ல போட்டுட்டு என்கிட்டயே டபாய்க்கிறியா?"

"கையால எடுத்தது சார்."

"சரி, இதுல நம்ம ஏரியா எங்க கீது? எண்ணூர்ல பவர் ஹவுஸ் சாம்பல் கீது, காசிமேட்டுல படகு கீது. அழுக்கு மூஞ்சியா நாலு புள்ளைங்கள எடுத்துகினு வா, மாட்றேன்."

சாவியோவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சாம்பல மூக்குல இழுக்கறவன் நானு. அத்தயே படமும் எடுக்கணுமா? நாளைக்கு மத்தியானம் யார்டுக்கு வா, உன் எதிர்க்கவே எடுக்கறேன். எடுக்கலன்னா கேமராவ நீயே வெச்சுக்க. எடுத்துட்டேன்னா வாசலுக்கு நேரா மாட்டணும்."

"பட்டப்பகல்லயா?" வரதனுக்குச் சிரிப்பு.

"வா சொல்றேன்."

வந்தார். சாவியோ ஒரு காலிப் பெட்டியின் கதவைத் திறந்தான். யார்டில் பெட்டியைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே துரு ஓட்டை, பெட்டி ஓரங்கட்டப்படும். இது அன்று காலையில்தான் தேறிய பெட்டி. சாவியோவும் வரதனும் உள்ளே போனதும் பீம்ராவ் வெளியே நின்று கதவைச் சாத்தினான். உள்ளே இரும்பு அடுப்பாகக் கொதித்தது. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு.

"நின்ன எடத்த வுட்டு நவுராத," என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் நின்ற கேமராவின் ஷட்டரைத் திறந்தான் சாவியோ. பச்சை டார்ச் தலைக்கு மேலே சுழன்றது: தூக்கு. இடுப்புக்குக் கீழே சுழன்றது: இறக்கு. அடுத்த சுற்று முடிவதற்குள் பலகைத் தரையில் சரக்கென்று செருப்புச் சத்தம். புழுக்கம் தாங்காமல் வரதன் முன்னால் வந்துவிட்டார். சாவியோ யோசிக்கவில்லை. கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு ஒரே வெட்டு வெட்டியது. நிறுத்து. யாராவது கால் எடுத்து வைத்தால் அந்தக் கைக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

கதவு திறந்தது. கேமராவில் பார்த்தார்கள். பச்சைச் சுருள்களைக் குறுக்கே ஒரு நேர்க்கோடு அறுத்திருந்தது.

வரதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நெசமாவே கையாலதான்யா எடுக்கற. ஆனா என்னால கோடு வுழுந்துட்ச்சு. இன்னொண்ணு எடு, அசைய மாட்டேன்."

"எடுக்க மாட்டேன். இதான்."

"கெட்டுப்போச்சேப்பா!"

"ஒண்ணும் கெடல. இத்த மாட்டு."

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் வாசலுக்கு நேராக அதுதான் தொங்கியது. வந்தவர்களில் பாதிப் பேர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சாயங்காலம் யார்டிலிருந்து கிரேன் ஓட்டுகிற வெற்றி வந்தான். சுவர் முன்னால் நின்று மேலிருந்து கீழே விரலை ஓட்டினான்.

"தூக்கு... இறக்கு... தோ, நிறுத்து!" என்று உரக்கப் படித்தான். "எவனோ கூமுட்ட குறுக்க பூந்துட்டான் போல. யாரு மாமு அது?"

சாவியோ வரதனைப் பார்த்தான். "கேளு சார், ஏரியா எங்க கீதுன்னு அவன்கிட்ட கேளு."