ஃப்ரீசரில் பாப்பாவின் பால்

பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனால் பிள்ளையை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டு ஃப்ரிட்ஜையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த வேலை பார்த்த அக்கா தங்கைகள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், என் பிள்ளைகள் மூவரும் ஆளாகி வேலைக்குப் போய்விட்ட பிறகு, செம்பாக்கத்தில் நித்யா வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பாப்பா எட்டாம் மாதமே பிறந்தவள். பவுடர் பால் இரண்டு தடவை கொடுத்துப் பார்த்து, வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரி வரை போய் வந்திருந்தார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நித்யாவின் லீவோ மூன்றாம் மாதமே முடிந்துவிட்டது. அதனால் பாலைப் பீய்ச்சி, அமெரிக்காவிலிருந்து அவள் அக்கா அனுப்பிய சின்னச் சின்னக் கவர்களில் ஊற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைப்பாள். பகலில் நான் எடுத்து இளக்கிப் பாலாடைச் சங்கில் புகட்டுவேன். பால் தீர்ந்தால் நித்யா வேலையை விட வேண்டும்; கெட்டால் பாப்பா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

பொங்கிய பால்

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனாலும் பாலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பு உண்டு. பால் என்றால் காய்ச்சணும். முதல் நாள் கவரைக் கிழித்து, கட்டியைக் கிண்ணத்தில் போட்டு அடுப்பில் வைத்து, பொங்கி வருகிற வரை நின்று பார்த்து இறக்கினேன். ஆற்றிப் புகட்டி, பாப்பா ஏப்பம் விட்டதும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

சாயங்காலம் நித்யாவிடம் பெருமையாகச் சொன்னால், அவள் முகம் வாடிப்போனது. வெந்நீரில் கவரை நிற்க வைத்து இளக்கினால் போதுமாம், காய்ச்சினால் சத்து போய்விடுமாம். பாவம், கோபத்தையும் அடக்கிக்கொண்டு சிரித்தபடி சொன்னாள்: "ஆன்ட்டி, நான் மாடு இல்லை. என் பால்ல யாரும் தண்ணியும் கலக்கலை. காய்ச்ச வேண்டாம்."

புதுசும் பழசும்

அடுத்த தப்பை ஒரு மாதம் விடாமல் செய்தேன். தினமும் நேற்று வைத்த பாலையே எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்குப் புதுசு, பழசு நமக்கு. சோறானாலும் குழம்பானாலும் என் வீட்டில் அப்படித்தான். தப்பென்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஒரு சனிக்கிழமை நித்யாவின் கணவர் கார்த்திக் ஃப்ரீசரைச் சுத்தம் செய்தபோது, பின்பக்கம் பனி மூடிப் பதினோரு கவர் கிடந்தன. டாக்டர் சொன்ன கெடு தாண்ட நாலே நாள்தான் பாக்கி. நித்யா தூக்கம் கெட்டுப் பீய்ச்சின பால். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கார்த்திக் திட்டவில்லை. ஒரு நீளமான டப்பா கொண்டுவந்து, கவர்களைத் தேதிப்படி நிற்க வைத்து, பின்னால் வை, முன்னால் எடு என்று காட்டிக் கொடுத்தார். "ரேஷன் கடை க்யூ மாதிரிதான் ஆன்ட்டி. முதல்ல வந்தவங்க முதல்ல போகணும். நடுவுல யாரும் பூரக்கூடாது."

பால் சுறா

கோவளம் பக்கத்திலிருந்து அஞ்சலை என்று ஒருத்தி நித்யா வீட்டுத் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். பச்சை உடம்புக்காரி வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, பால் ஊறட்டும் என்று பால் சுறா கொண்டுவந்தாள். நான் அதை வாங்கி ஃப்ரீசரைத் திறந்தேன். தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு வாங்கின திட்டுக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேணும். "யக்கா, இன்னா வேல பண்றே நீ? கொயந்த குடிக்கிற பாலுக்குப் பக்கத்துல மீனா? நாத்தம் புடிச்சிக்காது? இன்னிக்கே ஆக்கித் துன்னுங்க!"

கரண்ட் போன நாள்

பாப்பாவுக்கு நாலரை மாதம் இருக்கும்போது ஆபீஸில் நித்யாவை ஆறு நாள் ஹைதராபாத் போகச் சொன்னார்கள். முடியாதென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். ஒரு நாளைக்கு எட்டுக் கவர், ஆறு நாளைக்கு நாற்பத்தெட்டு. ஃப்ரீசரில் ஐம்பது இருந்தது. நான் அங்கேயே தங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை மழையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கரண்ட் கட் நமக்குப் புதுசா? இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் என்றிருந்தேன். வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்காமல், கம்பளியைப் போர்த்தி, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னாலேயே நின்று ஜெபித்தேன். கார்த்திக் போன் செய்தார்: ஆபீஸ் பக்கம் ரோடெல்லாம் தண்ணீர், வரத் தாமதமாகும் என்றார். மத்தியானத்துக்கு மேல் மனசு கேட்காமல் திறந்து தொட்டால், முன்வரிசை இளகத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் தெருவில் அஞ்சலையின் குரல். ஓடிப்போய்ச் சொன்னேன். மீதி மீனை ஒரு கூடைக்கு மாற்றிவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். ஒரு மணி நேரத்தில், மீன் படாத புது தெர்மாகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸோடு வந்தாள். கவர்களை மூடி போட்ட தூக்குகளில் அடைத்து, ஐஸுக்குள் புதைத்து, கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டாள். உப்பு போட்டால் ஜில்லுப்பு இன்னும் ஏறுமாம். எங்கே ஐஸ் கரைந்துவிடுமோ என்று நான் வாய்க்குள் ஜெபம் முணுமுணுத்ததைப் பார்த்துச் சொன்னாள்: "நீ உன் சாமிய கும்பிட்டுக்கினே இரு யக்கா. கரண்ட் வர்ற வரிக்கும் ஐஸ நான் பாத்துக்கறேன்."

கடைசிக் கவர்

மறுநாளும் ஐஸ் கொண்டுவந்தாள். அன்று மத்தியானம்தான் கரண்ட் வந்தது. முழுசாக இளகிவிட்டது ஐந்தே கவர். இளகினதை மறுபடி உறைய வைக்கக்கூடாது என்பதால் மூன்றை முதலில் புகட்டினோம். மீதி இரண்டுக்கு நேரம் தாண்டிவிட்டது. தாய்ப்பாலைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. கால்படாத இடமாகச் செம்பருத்தி வேரில் ஊற்றினேன். ஐம்பதில் அந்த இரண்டு போக, ஆறு நாளைக்கும் சேர்த்து எண்ணி நாற்பத்தெட்டுதான், ஒன்று கூட அதிகமில்லை.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்குக் கடைசிக் கவர் தீர்ந்தது. எட்டு மணிக்கு இறங்க வேண்டிய விமானம் லேட். பாப்பா பசியில் வீறிட்டாள். ஒன்பதரைக்குக் கார்த்திக் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். "இன்னும் கால் மணி நேரம் தம்பி," என்று கெஞ்சினேன். அந்தக் கால் மணி நேரத்தில் நான் கர்த்தரிடம் பேசினதை எழுத முடியாது, அவ்வளவு உரிமையாகப் பேசினேன்.

ஆட்டோ சத்தம் கேட்டது. நித்யா கையைக் கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மறுபடியும் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒரு விசும்பல், அதோடு வாய் பற்றிக்கொண்டது. வீடே அமைதியானது. நித்யா அழுதுகொண்டே சொன்னாள்: "ஆறு நாளா ஹோட்டல் வாஷ்பேசின்லதான் ஆன்ட்டி பீய்ச்சி ஊத்தினேன். இவ என்னை மறந்துட்டிருப்பாளோன்னு வழியெல்லாம் பயம்."

ஆறு மாதமும் பவுடர் டப்பா திறக்காமலே முடிந்தது, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த வருஷம் என் மூன்று பிள்ளைகளுக்காக ஜெபித்ததைவிட ஒரு ஃப்ரிட்ஜுக்காக ஜெபித்ததுதான் அதிகம் என்பதை அவர்களிடம் நான் இதுவரை சொல்லவில்லை.