ஹெகாத்தேயின் தீவட்டி

ரோமுக்கு அடங்கிய ஸ்திராத்தோனிக்கேயா நகரில் கொல்லன் மியோனிதேஸைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. நல்லவன் என்றும் சொன்னதில்லை. ரோமில் சேர்ந்து ஆண்ட இரு அரசர்களில் மூத்தவன் தன் தம்பியைக் கொன்றான். கொல்லப்பட்டவன் முகம் எங்கும் இருக்கக் கூடாது என்று அடுத்து ஆணை வந்தது. எங்கள் ஊர் வெண்கலக் காசில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். தம்பியைச் சிதைக்கும் வேலை மியோனிதேஸுக்கு வந்தது.

சந்தையில் அடைகல்லைப் போட்டு உட்கார்ந்தான். காசின் மறுபக்கம் இருட்டில் வழிகாட்டும் தெய்வம் ஹெகாத்தே. கையில் தீவட்டி, காலடியில் நாய், சுற்றிலும் ஊர்ப் பெயர். மேலே முகத்தில் உளி இறங்க, அடியில் தெய்வமும் நசுங்கியது.

“அண்ணே, சாமியப் பாத்து அடிங்க. தீவட்டி போயிருது,” என்றாள் பாலாடைக்கட்டி விற்பவள்.

“ஏன், வீட்டுக்கு வழி தெரியாதா உனக்கு?” என்று சிரித்தான்.

ஒரு காலையில் நகரக் காவலன் பானியாஸ் வந்து நின்றான்.

“உன் மகன் வாயில ஒண்ணு இருக்குல்ல?”

போன வருட வசந்தத்தில் காய்ச்சலில் போன பிள்ளை. இறந்தவரை ஆறு கடத்தும் படகுக்காரனுக்காக வாயில் வைத்த காசு அது.

“மண்ணுக்குள்ள கிடக்கறத எவன்யா பாக்கப் போறான்?”

“எவனோ மன்றத்துல சொல்லிட்டான். விட்டா உன் தலையும் போகும், என் தலையும் போகும். வா, தோண்டு.”

தோண்டினான். மனைவி அம்மியோன் வீட்டு விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். காசு கைக்கு வந்ததும் மியோனிதேஸ் கெஞ்சினான்.

“அரத்தால தேச்சுர்றேன் பானியாஸ். சாமி பக்கமாவது தப்பிக்கும். இருட்டுல அவனக் கூட்டிட்டுப் போறது அவதான.”

“ஊருக்கெல்லாம் உளி, உனக்கு மட்டும் அரமா? பொழுது போகுது, அடி.”

கல்லறையின் பலகைக்கல்லில் காசை வைத்து அடித்தான். முகம் போயிற்று. திருப்பிப் பார்த்தான். நாய் மட்டும் மிஞ்சியிருந்தது.

“தீவட்டி இருக்கா?” என்றாள் அம்மியோன்.

“இருக்கு.”

அவள் காசை வாங்கினாள். அவள் கட்டைவிரல் அதன்மேல் ஒருமுறை போய் வந்தது. பிள்ளையின் பற்களுக்கிடையே அதை வைத்தாள். விளக்கை ஏற்றி எலும்புகளின் பக்கத்தில் இறக்கினாள்.

“மூடு,” என்றாள்.

மண் விழுந்ததும் விளக்கு அணைந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

மறுநாளும் சந்தையில் காசு குவிந்திருந்தது. ஒரு கிழவர் தன் காசை நீட்டி, “சாமியப் பாத்துப்பா,” என்றார். மியோனிதேஸ் சிரிக்கவில்லை. அரத்தையும் எடுக்கவில்லை. உளியை முகத்தில் வைத்து அடித்தான்.