ருஷ்யத் தாயின் திருநெல்வேலித் தமிழ்

ஆராதனை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், போலாரம் வீட்டின் கூடத்தில் என் மகளும் நானும் பழைய சோவியத் ஊமைப்படம் ஒன்றைப் பார்த்தோம். நகரின் மறுகோடியிலுள்ள மாதாப்பூரில் வேலை பார்க்கும் அவள், அலுவலகத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கி, வாரக்கடைசியில் மட்டும் வருவாள். மாணவப் பருவத்தில் ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்துத் தீர்த்தவள் நான் என்பதால், படத்தை எனக்காகவே தேடி எடுத்து வந்திருந்தாள்.

ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது: காட்சிகளுக்கிடையே வரும் எழுத்துகள் எல்லாம் ருஷ்ய மொழியில் இருந்தன.

“சப்டைட்டில்ஸ் லேவு மம்மி. இன்கோ பிரிண்ட் வெதகனா?”

சப்டைட்டில் இல்லை, வேறு பிரதி தேடட்டுமா என்று தெலுங்கில் கேட்கிறாள். நான் தமிழில் பேசுவேன். அவள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். இந்தத் தெலுங்கு ஊரில் அவள் பள்ளிக்குப் போன நாளிலிருந்து இதுவே எங்கள் வழக்கம். அவள் வாயால் தமிழ் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. வற்புறுத்தினால் ஒப்புக்கு ஏதோ பேசிவிடுவாள், அப்படி வரும் பேச்சு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

“வேண்டாம்ட்டி, ஓடட்டும்” என்றேன்.

திரையில் பனி பெய்யும் ரயில் நிலையம். மகன் ஆலை வேலைக்காக நகரத்துக்குப் புறப்படுகிறான். வழியனுப்ப வந்த தாயின் முகம் திரையை நிறைத்தது; கன்னத்து வெடிப்புகள்கூடத் தெரிந்தன. அவள் உதடுகள் அசைந்தபோது, என் மகள் வேர்க்கடலையை உரித்தபடியே குரல் கொடுத்தாள்:

“ஏட்டி, வெறும் வயித்தோட போவாத. ரெண்டு வாய் தின்னுட்டுப் போ.”

எங்கள் திருநெல்வேலித் தமிழ், என் இழுப்போடு. மீசையும் தோல் கோட்டுமாக நின்ற அந்த ஆண்பிள்ளையை ‘ஏட்டி’ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைதான் ஏட்டி. பையன் என்றால் ஏலே. இவள் ஒற்றைப் பிள்ளை. இந்த ஊரில் இவளை அப்படி அழைக்க என்னைத் தவிர ஆளில்லை. பிள்ளைகளைக் கூப்பிட அந்த ஒரு சொல்தான் உண்டென்று இத்தனை காலம் நினைத்திருக்கிறாள். சிரிப்பு அடங்குவதற்குள் அது புரிந்துவிட்டது. திருத்த மனம் வரவில்லை.

மகனின் உதடுகள் அசைந்தன. இவள் அடுத்த கடலையை உரித்தாள்.

“அவன் என்ன சொல்லுதான்?” என்று கேட்டேன்.

“வாடு கூடா நாலாகே, மம்மி. ‘நக்கோ, டைம் அயிபோயிந்தி.’”

அவனும் தன்னைப் போலத்தான் என்கிறாள். வேண்டாம், நேரமாகிவிட்டது என்கிறான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாய்க்குக் கொடுக்க அவளிடம் தமிழ் இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்க இல்லை. நான் சொன்னதெல்லாம் அவள் காதில் சேதமின்றி இருக்கிறது. பதில் சொல்லும் தமிழை அவள் எங்கே கேட்டிருப்பாள்?

“‘போய்ட்டு வாரேம்மா’ன்னு சொல்லியிருப்பான்” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் தலை நீட்டி அவன் மறுபடி ஏதோ சொன்னான்.

“போய்ட்டு வாரேம்மா” என்று மெல்லச் சொன்னாள் என் மகள்.

அது அவனுக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். இருந்தும், “சரிட்டி, பாத்துப் போ” என்று என் வாய் முந்திக்கொண்டது. அவள் திரும்பவில்லை. ரயில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.