கிணற்றுக்குள் ஒரு முழுப் படம்

போட்டோக் கடை வைத்துக் கல்யாணப் படம் எடுப்பது என் பிழைப்பு. நிலக்கோட்டையைச் சுற்றி எத்தனையோ மணப்பெண்களைத் தலை முதல் கால் வரை எடுத்திருக்கிறேன். என் மனைவியை மட்டும் அப்படி எடுக்க முடிந்ததில்லை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கேமராவைத் தூக்கினாலே, "இடுப்புக்கு மேல எடுங்க" என்பாள். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே அவளுக்குக் கால் கிடையாது.

ஆனால் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அவளை யாரும் பிடிக்க முடியாது. ஒருநாள் நானும் முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் நீந்தும் அழகைப் படம் எடுத்தே தீருவது என்று, கேமராவுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்கி வந்தேன்.

"கெணத்துல தண்ணி வத்துறதுக்குள்ள எடுங்க. எனக்குப் பிடிக்கலேன்னா அழிச்சிரணும். அப்புறம் கேக்கவே கூடாது" என்றாள்.

எங்கள் பக்கம் கிணற்றில் இறங்குவது என்றால் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பதுதான். படியில் இறங்குகிற ஆம்பளையை ஊரே கேலி செய்யும். நானும் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தேன். படம் முழுக்க நுரை. அடுத்த தடவை பிளாஷ் போட்டேன். மண்டபத்துப் பழக்கம் லேசில் போகுமா? தண்ணீரில் மிதந்த தூசியெல்லாம் வெளிச்சம் வாங்கி, அவள் மேல் மாவு சலித்தது போல் இருந்தது. பிளாஷை அணைத்தால் ஒரே பச்சை இருட்டு.

"பந்தியில எடுக்குற மாதிரி இம்புட்டுத் தொலவுல நின்னா என்னத்தத் தெரியும்?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது.

தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. கடைசியாக ஒரு உச்சிவெயிலில், மோட்டாருக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால், மானத்தை விட்டுப் படி வழியாக இறங்கினேன். வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்தது. கலங்கல் அடங்கும் வரை கழுத்தளவு நீரில் அசையாமல் நின்றேன். பிறகு முங்கி, கைக்கெட்டும் தூரத்தில், அண்ணாந்து பார்த்தேன். சுடிதார் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு அவள் என் தலைக்கு மேல் கடந்து போனாள். நல்ல கால் உதைத்தது, சூம்பிய கால் மீன் வாலாக லேசாக ஆடியது.

படியில் உட்கார்ந்து, தலை ஈரம் சொட்டச் சொட்ட, வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"கால் தெரியுது."

"அழிச்சிரவா?"

அழிக்கும் பொத்தானை நெருங்கிய என் விரலை மெல்லத் தள்ளிவிட்டாள். அந்தக் கிணற்றுக்கும், வராத கரண்டுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக என்னை நம்பி நீந்திய அவளுக்கும் நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமில்லை.

"கடையில மாட்டுங்க" என்றாள். "பிரேம் போடுறப்ப காலை வெட்டிராதீங்க."